அறுபத்தொரு பேர் பட்டியல்

இவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கும் பந்தி முடிவதற்குள் எழுந்து, போட்டோ எடுக்க வந்தவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். மற்ற நாளெல்லாம் நின்றபடி, நடந்தபடி, ஒரு கையில் இட்லியும் மறு கையில் சைக்கிள் சாவியுமாகத்தான் சாப்பாடு. "ஏங்க, கொஞ்சம் உட்காருங்களேன்" என்று பத்து வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு, பதினோராவது வருடம் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன்.

இவர் பெயர் அசரியா. மேற்குத் தாம்பரத்தில் ஆறு மெஷினை வைத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். படிக்க வரும் பிள்ளைகள் உட்கார்ந்து அடிப்பார்கள். இவர் அவர்களுக்குப் பின்னால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டே இருப்பார். சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் யார் தப்பான விரலை வைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். காது அவ்வளவு கூர்மை. அந்தக் காதை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் கெட்டோம்.

இன்ஸ்டிட்யூட் பிழைப்புக்கு. இவருடைய உயிர் தேர்தலில் இருந்தது. தான் நிற்க மாட்டார், அந்த ஆசையே கிடையாது. யாராவது நின்று, அவர் தோற்கப்போகிறார் என்று ஊரே பேச ஆரம்பித்ததும் இவருக்குக் கால் தரிக்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்குப் போய், "நான் உங்களுக்கு வேலை செய்யறேன்" என்பார். கோயில் கமிட்டித் தேர்தல், வீடு கட்டும் சங்கத் தேர்தல், கட்சிக் கிளைத் தேர்தல் என்று எட்டுத் தேர்தலில் எட்டுப் பேருக்கு உழைத்து, எட்டையும் தோற்றவர் இவர். "ஜெயிக்கிறவங்களுக்குத்தான் ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்" என்று கேட்டால், "ஜெயிக்கிறவனுக்கு நான் எதுக்கு?" என்பார். பதிலா அது? எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒன்பதாவதாக வந்தவன் ரத்தினம்.

அறுபத்தொன்பதாம் வருடம். நகராட்சித் தேர்தல் வருகிறது என்று பேச்சு. எங்கள் வார்டில் பாதி காலனி, ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள். மீதி ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகள். லைனோரம் என்று சொல்வார்கள். ரிக்‌ஷா இழுப்பவர்கள், ஸ்டேஷன் கூலிகள், கொத்து வேலைக்காரர்கள் அங்கே இருந்தார்கள். குழாய் காலனிப் பக்கத்தில் மட்டும். லைனோரத்துப் பெண்கள் விடியற்காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி வந்து தண்ணீர் பிடித்துப் போவார்கள். கேட் மூடியிருந்தால் குனிந்து நுழைந்து வருவார்கள். அடுப்பு காத்துக்கொண்டிருக்கும்போது கேட் திறக்கும்வரை யார் நிற்பது?

ரத்தினத்தின் மனைவி செல்லியம்மாள் அப்படித்தான் இரண்டு வருடம் முன்பு போனாள். ஒரு வண்டி போகட்டும் என்று நின்றிருக்கிறாள். அது போனதும் நிறைகுடத்தோடு தாண்டியிருக்கிறாள். மறு லைனில் எதிர்ப்பக்கமிருந்து வந்ததை அவள் பார்க்கவில்லை.

ரத்தினம் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினான். கட்சியில் பதினைந்து வருட உறுப்பினன், கொடி கட்டுவதிலிருந்து கூட்டத்துக்குப் பாய் விரிப்பதுவரை அவன்தான். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"நானும் மனு போட்டுகினு வந்துட்டேன் சார்" என்றான் இவரிடம். "எல்லாரும் சிரிக்கிறாங்க."

இவர் அப்போதே செருப்பை மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான்தான் கேட்டேன். "ரத்தினம், உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"எனக்கு நாற்காலி வேணாம் டீச்சரம்மா. எங்க பக்கம் ஒரு கொழா வேணும். அவ்ளோதான். எங்க பொம்பளைங்க கேட்டாண்ட போவாம தண்ணி புடிக்கணும்."

நான் உள்ளே போய் இவருடைய சைக்கிள் சாவியை எடுத்துவந்து கொடுத்தேன்.

அதே வார்டுக்குக் கட்சியில் இன்னொருவரும் மனுப் போட்டிருந்தார். ராஜகோபாலன். கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்தின் செயலாளர், மரியாதையான மனிதர். ஒரு வார்டுக்கு இரண்டு பேர் என்றதும் மேலிடத்தில் ஒரு முடிவு சொன்னார்கள். வார்டில் கட்சி உறுப்பினர்கள் அறுபத்தொரு பேர். அவர்களே கூடி, ஓட்டுச் சீட்டுப் போட்டு, யார் கட்சி வேட்பாளர் என்று தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றார்கள். அறுபத்தொரு பேரில் காலனிக்காரர்கள் முப்பத்து நான்கு, லைனோரத்துக்காரர்கள் இருபத்தேழு. கூட்டத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. முதல் நாள் நிலவரப்படி காலனியில் ரத்தினத்துக்கு நாலு ஓட்டு. லைனோரத்திலேயே பாதிப் பேர் பெரிய மனிதர் பக்கம் போய்விடுவார்கள் என்று பேச்சு.

இவருக்கு இது போதாதா? காய்ச்சல் வந்தவர் போல ஆகிவிட்டார்.

இவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்பார். "செய்யறேன்" என்றால் செய்வார்கள். "உங்களுக்கு இல்லாததா சார்" என்று குழைந்தால் நம்பக் கூடாது. "பார்க்கலாம்" என்றால் அந்த வீட்டை மறந்துவிட வேண்டும். கேட்பதற்கு முன்னாலேயே காபி வந்துவிட்டால் அது இன்னும் மோசம். இல்லை என்று சொல்லப்போகிற சங்கடத்துக்காகக் கொடுக்கிற காபி அது. எட்டுத் தோல்வியில் இவர் சேர்த்த சொத்து இந்த ஞானம்தான்.

நீளமான முழுத்தாளில் இவர் அறுபத்தொரு பெயரையும் டைப் அடித்து, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டுக் கொண்டுவந்தார். "யூனிஸ், நீதான் இதை வச்சுக்கணும். ஒரே எழுத்து. சரின்னா 'ச'. பார்க்கலாம்னா 'பா'. மாட்டேன்னா 'மா'. குழையறவங்க எல்லாம் 'பா'தான்." காலனி வீடுகளுக்கு இவர் போவது, லைனோரத்துக்கு ரத்தினமே போவது, இரண்டு பேரும் வந்து என்னிடம் சொல்வது என்று ஏற்பாடு. நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. கட்சி வேலைக்கு வெளியே போனால் வேலைக்கு ஆபத்து. வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவதை யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கொச்சை காதில் விழக் கூடாது. பால்காரர் "கீது" என்றால் "இருக்கிறது" என்று திருத்துவேன். ரிக்‌ஷாக்காரர் "வூடு" என்றால் "வீடு" என்பேன். சண்டைக்கு வந்தவளிடம்கூட இலக்கணம் பேசியிருக்கிறேன். அது ஒரு வியாதி. ரத்தினம் சிரிப்பான். "நீங்க பேசற தமிளு என் வாய்ல நுழையாது டீச்சரம்மா" என்பான்.

பதினைந்து நாளும் வீட்டில் நிம்மதி இல்லை. இவர் காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் கிளம்புவார். பத்து மணிக்கு வந்து இன்ஸ்டிட்யூட், மறுபடி நாலு மணிக்குச் சைக்கிள். வாசலிலிருந்தே கத்துவார், "ஏழாம் நம்பர் பா! பதினொண்ணு பா!" நான் குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எழுதுவேன். தூக்கத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

வேலையில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று முதலில் போட்டிருந்தார்கள். அறுபத்தொரு பேரில் ஒரு டஜன் பேர் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள், ஞாயிறு அந்த நேரத்தில் கோயில் ஆராதனையிலோ பூசையிலோ இருப்பார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா, கர்த்தருக்குத்தான் தெரியும். இவர் சண்டை போடவில்லை. எலெக்ட்ரிக் ரயிலேறி மூன்று தடவை கட்சி ஆபீசுக்குப் போய், வாசலிலேயே உலாத்திக்கொண்டிருந்து, சாயங்காலம் நாலு மணி என்று மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார். அதிலேயே கோயிலுக்குப் போகும் காலனிக்காரர் மூன்று பேர் நம் பக்கம் வந்தார்கள்.

இன்னொன்று லக்ஷ்மிநாராயணன் விஷயம். வங்கியில் குமாஸ்தா, ராஜகோபாலனுக்குப் பக்கத்து வீடு. இவர் அவரிடம் ஓட்டே கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு என்கூட ஒரு நடை வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். கேட் மூடியிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராகக் குனிந்து வந்தார்கள். அதில் ஒருத்தி நிறைமாசம். அவளால் குனிய முடியவில்லை, குடத்தை முதலில் உருட்டிவிட்டு, உட்கார்ந்து நகர்ந்து வந்தாள். லக்ஷ்மிநாராயணன் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே வந்து, "சார், நான் ரத்தினத்துக்குப் போடறேன். என்னோட இன்னும் மூணு பேர் இருக்காங்க" என்றார். அன்றைக்கு இவர் திண்ணமாக ஜெயிப்போம் என்று நம்பினார். நாலு ஏழாகி, ஏழு பதினொன்றாகிவிட்டதே. முப்பத்து நான்கு பேர் காலனியில் பதினொன்று என்பது இவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை.

லைனோரம் ரத்தினத்தின் பொறுப்பு. சாயங்காலம் சவாரி முடிந்ததும் ரிக்‌ஷாவை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து விரல் மடக்கிச் சொல்வான். அந்த நேரத்தில் இவர் காலனியில் சுற்றிக்கொண்டிருப்பார்.

"அந்தோணிசாமி அண்ணன்கிட்ட கேட்டேன் டீச்சரம்மா. 'வுடு ரத்தினம், பாத்துக்கலாம்'னாரு."

முதல் நாள் என் பேனா ஒரு நொடி நின்றது, அது ஞாபகம் இருக்கிறது. கட்டம் சின்னது. இருந்தது மூன்றே எழுத்து. கொச்சையைத் திருத்துகிற கை வழக்கம்போல் திருத்தியது. 'பா' என்று எழுதினேன்.

"அப்பால?" என்றேன். அவன் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தான்.

"அவரு மச்சான். அவரும் அதேதான், பாத்துக்கலாம்னாரு."

'பா.'

இப்படிப் பத்தொன்பது பேர். ஐந்து பேர் மட்டும் "உனக்குத்தான்டா" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் ரத்தினத்துக்கும் சேர்த்து ஆறு 'ச'. இரண்டு பேர் ராஜகோபாலன் வீட்டில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு 'மா'. ஒவ்வொரு நாளும் ரத்தினம் முகம் மலர்ந்து போவான். பாவம், இப்படி ஏமாறுகிறானே என்று நான் உள்ளே வருத்தப்படுவேன். எனக்கு வந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வாசிக்கிற உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

கூட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம், இவர் பட்டியலை வாங்கி எண்ணினார். காலனியில் 'ச' பதினொன்று. லைனோரத்தில் 'ச' ஆறு. மொத்தம் பதினேழு. ஜெயிக்க முப்பத்தொன்று வேண்டும். இரண்டாவது தடவை எண்ணினார். மூன்றாவது தடவை நடந்துகொண்டே எண்ணினார். கூடத்துக்கும் வாசலுக்குமாக இவர் போய்வந்த வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது.

"லைனோரத்தில பத்தொன்பது பேர் கழண்டுட்டாங்க, யூனிஸ்" என்றார். "நான் இதை எதிர்பார்க்கலை."

அப்புறம் செருப்பை மாட்டினார். பதினேழு ஓட்டை வைத்து ஜெயிக்க முடியாது, ஆனால் பேரம் பேச முடியும் என்று ஒரு யோசனை. நேரே ராஜகோபாலன் வீட்டுக்குப் போனார். ரத்தினம் விலகிக்கொள்கிறான், எல்லோரும் ஒற்றுமையாகப் போவோம், நீங்கள் கவுன்சிலரானதும் முதல் வேலையாக லைனோரத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ராஜகோபாலன், "தாராளமா" என்றாராம். திரும்பி வந்தபோது இவர் முகம் சரியில்லை.

"என்ன ஆச்சு?"

"கேக்கறதுக்கு முன்னாடியே காபி வந்துடுச்சு" என்றார்.

தெரிந்தும் போனார், பாருங்கள். நாளைக்குத் தோற்றுவிட்டு வெறுங்கையோடு நிற்பதைவிட ஒரு 'தாராளமா'வாவது கையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நானும் சரி என்றேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது, நானும்தான் சரி என்றேன்.

ரத்தினத்தை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். அவன் படியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எங்க ஆளுங்களா சார்? பத்தொம்போது பேரா? யார் யாரு?"

நான் வாசித்தேன். ஒரு பெயருக்கு ஒரு தடவை அவன் தலை கீழே போனது.

"அந்தோணி அண்ணனுமா?"

"ஆமாம் ரத்தினம்."

"அவரு பாத்துக்கலாம்னு சொன்னாரே சார்!"

"அதாம்ப்பா நானும் சொல்றேன்" என்றார் இவர், நடையை நிறுத்தாமலே. "பாக்கலாம்னு ஒருத்தன் சொன்னா இல்லைன்னு அர்த்தம். நான் எத்தனை தேர்தல் பாத்திருக்கேன்."

வார்த்தை அந்த அறைக்குள் வந்து நின்றது. தப்பான விரலைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர் இவர்; கேட்கவில்லை. 'கொள்' என்கிற துணைவினையை ஒன்பதாம் வகுப்புக்கு வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் நான், கேட்கவில்லை. ரத்தினம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். படித்தவர்கள் சொல்கிறார்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பான். "சரி சார், வெலகிக்கிறேன்" என்றான். ரிக்‌ஷாவில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

மறுநாள் கூட்டத்துக்கு நான் போகவில்லை. இவர் வந்து சொன்னதுதான். லைனோரத்திலிருந்து இருபத்தேழு பேரில் ஒருவர்கூட வராமல் இல்லையாம். எல்லோரும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மூன்றே முக்காலுக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சவாரியை விட்டுவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ரத்தினம் எழுந்து, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், "நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. அந்தோணிசாமி தன் சீட்டைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு நேரே வெளியே போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

"எதுக்கு அத்தனை பேர் வந்தாங்கன்னே தெரியலை" என்று இவர் அன்றைக்குப் பத்துத் தடவை சொன்னார். அன்றைக்கு நின்றபடிகூடச் சாப்பிடவில்லை.

தேர்தல் வந்தது. ராஜகோபாலன் கவுன்சிலரானார். ரத்தினம் ரிக்‌ஷாவை விற்றுவிட்டு ஊரப்பாக்கத்தில் மைத்துனனுடைய சைக்கிள் கடைக்குப் போய்விட்டான். போகிறபோது லைனோரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையாம், அவர்களும் நிறுத்தவில்லையாம். எங்களிடம் மட்டும் வந்து, "வரேன் டீச்சரம்மா" என்றான். எங்களிடம்! இவர் வாரத்துக்கு இரண்டு தடவை ராஜகோபாலன் வீட்டுக்கு நடந்தார். முதல் மாதம் அவர் "இப்பத்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றார். இரண்டாவது மாதம் "ஃபைல் போயிருக்கு" என்றார். மூன்றாவது மாதம், அலுத்துப்போய், "பார்க்கலாம் அசரியா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் இவர் கையில் கொடுத்த காபியை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதே வாரம், சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினேன். விடைத்தாள் கட்டு இரண்டு, கனம். அந்தோணிசாமி அங்கே கூலி. என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செய்கிறதையும் செய்துவிட்டு முகத்தைத் திருப்புகிறாரே என்று அவர் முன்னாலேயே போய் நின்றேன்.

"என்ன அந்தோணிசாமி, கோபம் நாங்க படணும். ரத்தினத்துக்கு ஓட்டில்லைன்னுட்டு நீங்க முகத்தைத் திருப்பறீங்களே?"

"இன்னா சொல்ற டீச்சரம்மா?" என்றார். "யாருக்கு ஓட்டில்ல? ஒவ்வொருத்தரா நாங்க சொல்லல? வுடு ரத்தினம், நாங்க கீறோம், பாத்துக்கலாம்னு அத்தினி பேரும் வாய்வுட்டுச் சொன்னோம். காலனிக்காரன் கால்ல வுழுந்து எங்கள வித்துட்டான் அவன். நீங்களும் கூடச் சேந்து வித்துட்டீங்க. இப்ப வந்து எங்களயே கேக்கறியே, உனக்கே நல்லாக்கீதா?"

பாத்துக்கலாம். பார்த்துக்கொள்ளலாம்.

விடைத்தாள் கட்டை பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு நின்றேன். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே என் குரலில் என் காதில் கேட்டது. 'கொள்' சேர்ந்தால் செயல் செய்கிறவனையே வந்து சேரும், பிள்ளைகளே. பார்க்கலாம் என்றால் பார்ப்பதும் பார்க்காததும் அவன் இஷ்டம். பார்த்துக்கொள்ளலாம் என்றால் பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டான். நீ கவலைப்படாதே, அது இனி எங்கள் வேலை. பத்தொன்பது பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பதினேழும் பத்தொன்பதும் முப்பத்தாறு. ரத்தினம் ஜெயித்திருப்பான். ஐந்து ஓட்டு மிச்சத்தோடு ஜெயித்திருப்பான். ஒரு சின்னக் கட்டத்தில் நான் எழுதிய ஒரு எழுத்து அவன் குழாயையும் அவன் ஆட்களையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டது.

அந்தோணிசாமியிடம் அங்கேயே சொன்னேன். தப்பு என் கையில் நடந்தது, ரத்தினம் உங்களை விற்கவில்லை, நீங்கள் அவனைக் கைவிட்டுவிட்டதாக நாங்கள்தான் அவனிடம் சொன்னோம் என்று. அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடப்பாவிங்களா" என்றார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இவர் வழக்கம்போல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். பட்டியலை அலமாரியிலிருந்து எடுத்து முன்னால் வைத்துச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் மறைக்கவில்லை.

இவர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தார். அடுத்த தெரு கேட்கும்படி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் என் முன்னாடியே சொன்னான், யூனிஸ்" என்றார். "சரியாத்தான் சொன்னான். நான் நின்னு கேக்கலை."

 கால் ஆடவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சடாரென்று எழுந்தார். "கிளம்பு" என்றார்.

"எங்க?"

"ஊரப்பாக்கத்துக்கு. இப்பவே. அவன் இன்னும் ஒரு நாள்கூட அப்படி நினைச்சுகிட்டு இருக்கக் கூடாது."

வெயில் சாயவில்லை. பெரிய சாலையில் பஸ் பிடித்தோம். உட்கார இடம் இருந்தும் இவர் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு வந்தார்.  சைக்கிள் கடை ரோட்டோரத்திலேயே இருந்தது. ரத்தினம் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

இவர் பேச வாய் திறந்தார். நான் தடுத்தேன். என் கையால் நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

சொன்னேன். 'பா' என்றால் என்ன என்று நாங்கள் வைத்திருந்தது, அவன் சொன்ன வார்த்தை என்ன, நான் எழுதியது என்ன, எல்லாம். அவனுக்கு உடனே புரிந்ததா என்று தெரியவில்லை. டியூப் கையிலேயே இருந்தது.

"அப்ப அவங்க என்ன வுட்டுக்குடுக்கலியா டீச்சரம்மா?"

"இல்லை ரத்தினம். ஒருத்தர்கூட இல்லை."

"அந்தோணி அண்ணன்?"

"அவர்தான் இன்னிக்கு எனக்குச் சொன்னார்."

அவன் தொட்டி ஓரமாகக் குந்திக்கொண்டான்.  "அந்தப் பட்டியலு கொணாந்தீங்களா?" என்றான். பையிலிருந்து எடுத்தேன். "அன்னிக்குப் படிச்சீங்களே, அந்தப் பேருங்க. இன்னொரு தபா படிங்க."

படித்தேன். இந்தத் தடவை திருத்தவில்லை. "அந்தோணிசாமி. பாத்துக்கலாம்னாரு." அடுத்த பெயர். "பாத்துக்கலாம்னாரு." வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து அப்படியே வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ரத்தினம் தலையை ஆட்டினான். பத்தாவது பெயர் முடிந்ததும் தாளை இவரிடம் நீட்டினேன். இவர் தாளை வாங்கி மீதியைப் படித்தார், நின்ற இடத்தில் நின்றபடி, நிதானமாக, ஒரு பெயரையும் விழுங்காமல்.

பத்தொன்பதும் முடிந்தது. ரத்தினம் டியூபைத் தொட்டி விளிம்பில் போட்டான்.

"கொழா இன்னா ஆச்சு சார்?"

"ராஜகோபாலன் பார்க்கலாம்னுட்டார்" என்றார் இவர்.

ரத்தினம் சிரித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் நின்றது, அதோடேயே சிரித்தான். உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அவரு பாத்துகினே இருக்கட்டும் சார். நாம பாத்துக்கலாம்" என்றான். "தாம்பரத்துக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?"